வார்டில் குத்துமதிப்பு கிடையாது

நர்சிங் முதல் வருடம் படிக்கும்போது நான் ஒரு பொய்க்கணக்கு எழுதி மாட்டிக்கொண்டேன். காலை ஆறு மணிக்கு 22 நோயாளிகளுக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி. பார்த்து சார்ட்டில் ஏற்ற வேண்டும். மூச்சை யார் நின்று எண்ணிக்கொண்டிருப்பது? எல்லோருக்கும் 20 போட்டேன். சந்தேகம் வராமல் இருக்க நடுநடுவே ஒரு 18. வார்டு சிஸ்டர் சார்ட்டுகளைப் புரட்டிவிட்டு என்னை எட்டாம் பெட்டுக்கு அழைத்துப் போனார்.

"தாத்தாவுக்கு 20 போட்டிருக்கியே, யாரு எண்ணுனது?"

நான் வாயே திறக்கவில்லை.

"வாட்சைப் பாத்து இப்ப எண்ணு."

எண்ணினேன். 36. மத்தியானத்துக்குள் அவருக்கு ஆக்சிஜன் வைத்து, எக்ஸ்ரே எடுத்து, நிமோனியா என்று மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். சிஸ்டர் திட்டவில்லை. "குத்துமதிப்பெல்லாம் கத்திரிக்கா வாங்கறப்ப வெச்சுக்கோ. வார்டுல கிடையாது" என்று மட்டும் சொன்னார்.

வெட்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் குடியாத்தத்து நெசவு வீட்டுப் பெண். பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் லுங்கி முழுக்கக் கோடு விழும். அப்பா ராத்திரியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த ஓர் இழையைத் தேடுவார். அந்த வீட்டில் வளர்ந்துவிட்டு, எண்ணாமலே 20 போட்டிருக்கிறேன்.

27 வருடம் வேலூரில் வார்டில் நின்றுவிட்டு, இப்போது ஏ.என்.எம்., ஜி.என்.எம். என்று நர்சிங் படிக்கும் பிள்ளைகளை வார்டுக்குக் கூட்டிப்போகிறேன். இந்த ஊரில் நர்சிங் படிப்பு பழசு. அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த, இன்று சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக இருக்கும் இடத்தில் 1909இல் நர்சுகளுக்குப் பள்ளி வந்தது, 1946இல் பட்டப் படிப்பே வந்துவிட்டது. அதனாலோ என்னவோ, எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு நர்சாவது இருப்பார், ஆளுக்கொரு யோசனையும் சொல்வார். என் பங்குக்கு நான் சொல்வது இது. இதற்கு மேல் உங்கள் ஆஸ்பத்திரியின் நடைமுறையும், பக்கத்தில் நிற்கும் சிஸ்டரின் சொல்லும் இருக்கின்றன. தெரியாததைத் தனியாகச் செய்து பார்க்காதீர்கள்.

பிள்ளைகள் முதல் நாளே கேட்பது, "ஊசி போட எப்போ மேடம் விடுவீங்க?" என்றுதான். ஊசி சீக்கிரம் வந்துவிடும். மூச்சு எண்ணத்தான் நாளாகும்.

மூச்சிலிருந்து தொடங்குங்கள்

முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நான்கு தவறும். "உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டால் அவர் உடனே வேறு மாதிரி மூச்சு விடுவார். அதனால் நாடி பார்த்து முடித்ததும் கையை விடாதீர்கள். அந்தக் கையை அவர் வயிற்றின் மேலேயே வைத்து, மணிக்கட்டைப் பிடித்தபடி நில்லுங்கள். போர்வையோ முந்தானையோ மறைத்தாலும் கை ஏறி இறங்குவது தெரியும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60 வரை. உடம்புக்குள் ஏதோ கெடுகிறது என்றால் பல சமயம் முதலில் மாறுவது மூச்சுதான். பி.பி. கடைசி வரை நல்ல பிள்ளையாக நின்றுவிட்டு, பிறகு சட்டென்று இறங்கும். பெரியவருக்கு 24, 25 என்று வந்தால் சார்ட்டில் எழுதியதோடு நிறுத்தாமல் சிஸ்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நாடியை மூன்று விரலால் பாருங்கள், கட்டை விரல் வேண்டாம். அதில் உங்கள் நாடியே துடிக்கும். 60 முதல் 100 என்பது எல்லோருக்கும் தெரியும். எண்ணிக்கையோடு, ஒரே சீராக ஓடுகிறதா, விட்டுவிட்டு ஓடுகிறதா என்பதையும் விரலால் கவனியுங்கள். சீராக இல்லை என்றால் முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

பி.பி. விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். நம் ஊர்களில் பாதிப் பேருக்கு பி.பி. ஏறுவது ஓ.பி. வாசலில்தான். ஒடுகத்தூரிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, சீட்டு வாங்கும் வரிசையில் சண்டை போட்டு, மாடிப்படி ஏறி வந்த அம்மாவை உட்காரவைத்த கையோடு பட்டையைச் சுற்றினால் 160 காட்டாமல் என்ன செய்யும்? ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கால் மேல் கால் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் போய்விட்டு வரட்டும். பார்க்கும்போது அவரும் பேசக் கூடாது, நீங்களும் ஊர்க்கதை கேட்கக் கூடாது.

பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை, கையின் சுற்றளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தைச் சுற்றிவர வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் பி.பி. கூடுதலாகக் காட்டும், அவர் வேண்டாத மாத்திரை சாப்பிடுவார். கையால் அடிக்கும் கருவி என்றால், முதலில் மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். நாடி மறையும் இடத்தைக் குறித்துக்கொண்டு, காற்றை முழுசாக விட்டு, சற்றுப் பொறுத்து, அதற்கு மேல் 30 வரை ஏற்றி, நொடிக்கு இரண்டு மூன்று புள்ளியாக இறக்குங்கள். காது கேட்டதை அப்படியே எழுதுங்கள். வார்டில் பத்துப் பேருக்கு வரிசையாக 120/80 இருந்தால் நான் அந்த சார்ட்டை நம்ப மாட்டேன். டயாலிசிஸுக்காக ஃபிஸ்துலா வைத்த, அதாவது ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கவும் கூடாது. மார்பக அறுவை நடந்த பக்கத்துக் கையிலும் வேண்டாம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு ஒரு சொல். நகப்பூச்சு, அழுத்தமான மருதாணி, சில்லிட்ட விரல் இதெல்லாம் அதைக் குழப்பும். கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்த பெண்ணுக்கு 84 காட்டினால், முதலில் முகத்தையும் மூச்சையும் பாருங்கள், அப்புறம் வேறு விரல், இல்லையென்றால் காது மடல்.

பெயரை அவர்தான் சொல்ல வேண்டும்

"நீங்கதானே லட்சுமி?" என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் மரியாதைக்காகவே தலையாட்டுவார்கள். காது கேட்காத பாட்டி சிரித்துக்கொண்டே ஆட்டுவார். எங்கள் வார்டில் ஒருமுறை ஒரே சமயத்தில் மூன்று லட்சுமிகள் இருந்தார்கள், அதில் இரண்டு பேருக்குச் சர்க்கரை. "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, அவர் வாயால் வந்த பெயரைக் கைப்பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒத்துப்பாருங்கள். இரண்டாவது அடையாளமாகப் புருஷன் பெயரைக் கேட்டு நிற்காதீர்கள். எங்கள் பக்கத்துப் பெரியம்மாக்கள் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். ஒரு பாட்டி என்னிடம் மேலே கையைக் காட்டிவிட்டுச் சிரித்தார். சூரியனா, ஆகாயமா, மின்விசிறியா என்று நான் முழித்தேன். ஆஸ்பத்திரி எண்ணைப் பாருங்கள், போதும்.

கை கழுவுவது பற்றி எல்லோரும் பாடம் எடுத்துவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். நோயாளியைத் தொடும் முன், சுத்தமான வேலை எதையும் செய்யும் முன், ரத்தம் சிறுநீர் படக்கூடிய வேலைக்குப் பின், தொட்ட பின், அவர் கட்டில் மேஜையைத் தொட்ட பின். ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. மோதிரம், வளையல் வீட்டிலேயே இருக்கட்டும்.

மருந்தும் ஊசியும்

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இதை மனப்பாடம் செய்யாத மாணவி இல்லை. தவறு நடப்பது இதற்கு நடுவில் இருக்கும் சந்துகளில். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு செறிவுகளில் வருகிறது. மி.லி.க்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். பாட்டிலில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வாசியுங்கள், முடிந்தால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். போட்ட பிறகு சாப்பாடு வந்ததா என்றும் பாருங்கள். வியர்த்து, கை நடுங்கி, "ஒரு மாதிரி கீது சிஸ்டர்" என்று யாராவது சொன்னால் உடனே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். 70க்குக் கீழே, விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

டிரிப்ஸ் கணக்கைக் கண்டு பாதிப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். மொத்த மி.லி.யை, ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பதால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 20 சொட்டு செட்டில் 500 மி.லி.யை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்றால், 10,000ஐ 240 ஆல் வகுத்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மி.லி. என்பதால் கணக்கே வேண்டாம். மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. செட்டின் உறையில் எத்தனை சொட்டு என்று அச்சடித்திருக்கும், பிரிக்கும் முன் படியுங்கள். சொட்டை வாட்ச் வைத்து எண்ணிய பிறகும் அரை மணிக்கு ஒருமுறை வந்து பாருங்கள். நோயாளி கையை மடக்கினால் வேகம் மாறும். அட்டெண்டர், அதாவது நோயாளியோடு கூட இருப்பவர், "சீக்கிரம் முடியட்டும்" என்று உருளையைத் திருகுவதும் உண்டு.

ஊசியைத் திரும்ப மூடாதீர்கள். போட்ட இடத்திலிருந்து நேராக ஊசி வெட்டும் கருவிக்கு, பிறகு வெள்ளை டப்பாவுக்கு. ரத்தம் பட்ட பஞ்சும் கட்டும் மஞ்சள் பையில், டியூபும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் கையுறையும் சிவப்பில், கண்ணாடிப் பாட்டில் நீலத்தில். கையில் குத்திக்கொண்டால் அழுத்திப் பிதுக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்த நிமிடமே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. திட்டுவார்களே என்று மறைத்த பெண்கள் எனக்குத் தெரியும். ஒருத்தி மூன்று நாள் சாப்பிடாமல் அழுதுவிட்டு நான்காம் நாள் வந்து சொன்னாள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணை, வார்டுக்குள் கால் வைக்கும் முன்பே தொடங்கிவிடுங்கள்.

டம்ளரை அளந்து வையுங்கள்

உள்ளே போனதும் வெளியே வந்ததும் எழுதும் தாளில்தான் குத்துமதிப்பு அதிகம் வாழ்கிறது. "கஞ்சி ஒரு டம்ளர்" என்று அட்டெண்டர் சொல்வார், நாம் 200 என்று போடுவோம். ஒரு நாள் எங்கள் வார்டு எவர்சில்வர் டம்ளரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். விளிம்பு வரை 180, யாரும் விளிம்பு வரை ஊற்றுவதில்லை. வீட்டு டம்ளர் ஒவ்வொன்றும் ஓர் அளவு. டியூட்டி தொடங்கும்போதே அந்த நோயாளியின் டம்ளரை அளந்து, பிளாஸ்டரில் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். குடிக்கும்போதெல்லாம் ஒரு கோடு கிழிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவரும் கோடு கிழிப்பார். டிரிப்ஸ், மூக்குக் குழாயில் ஊற்றிய தண்ணீர், மருந்து கரைத்த தண்ணீர் எல்லாம் உள்ளே போனதில் சேரும். வாந்தி, வயிற்றுப்போக்கு, டிரெயின் குழாயில் வடிந்தது எல்லாம் வெளியே வந்ததில் சேரும். சிறுநீர் எடைக்கு ஏற்பக் கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி.யாவது வர வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 30 மி.லி. அதற்குக் குறைந்தால் சொல்லுங்கள், ஆனால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் தள்ளும்போது நோயாளியின் வயிற்றின் மேல் பையை வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடும், சிறுநீர் திரும்ப உள்ளே போகும்.

வேலூர் மே மாத வெயில் உங்களுக்குத் தெரியும், 42 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். கிட்னி பழுதான ஒருவருக்கு நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று டாக்டர் கட்டுப்படுத்தியிருந்தார். மகன் தினமும் ஓர் இளநீர் வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துக் கொடுத்திருக்கிறான். அப்பா மேல் பாசம், வேறென்ன? இளநீரில் பொட்டாசியம் அதிகம், கிட்னி வெளியேற்றாவிட்டால் அது இதயத் துடிப்பையே கெடுக்கும். ரத்தப் பரிசோதனையில் எகிறிய பிறகுதான் துருவித் துருவிக் கேட்டோம். அதற்குப் பிறகு "தண்ணி எவ்ளோ குடிச்சீங்க?" என்று மட்டும் நான் கேட்பதில்லை. மோர், இளநீர், தர்பூசணி, ஐஸ் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன்.

முதுகைப் பாருங்கள்

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். சார்ட்டில் "இடது, நேர், வலது" என்று அழகாக எழுதியிருக்கும். நோயாளி காலையிலிருந்து ஒரே பக்கம் படுத்திருப்பார். முதுகின் அடி, குதிகால், இடுப்பெலும்பு, முழங்கை, பின்னந்தலை, ஆக்சிஜன் குழாய் உரசும் காது மடல் என்று எலும்பு முட்டும் இடமெல்லாம் தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. படங்களில் காட்டும் அந்தச் சிவப்பு நம் தோலில் பல சமயம் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அதுதான். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், காற்றடித்த வளையமும் வைக்காதீர்கள், இரண்டும் கெடுதல். இழுத்து நகர்த்தினால் தோல் உரியும், கீழே மடித்த துணி போட்டு இரண்டு பேராகத் தூக்குங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். ரெக்சின் விரிப்பில் வியர்வை தேங்கும் கோடையில் விரிப்பைக் கூடுதலாக மாற்றுங்கள். தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள். நான் மடக்காமல் தூக்கிய வருடங்களுக்கு இப்போது பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

வேலூர் பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு மையம் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு ஒன்று கேட்பேன்: வலியே தெரியாத உடம்புக்கு முதுகில் புண் வருவதை யார் சொல்வது?

இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம்

நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் ராத்திரி கேஷுவாலிட்டியில் நின்றால் பாம்புக்கடி வராமல் இருக்காது. கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனை நம் கையில்தான் இருக்கிறது. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்திவைத்து, ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ஓடினால் உறையவில்லை, உடனே டாக்டரிடம் ஓடுங்கள். பிளாஸ்டிக் குழாயோ, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ தப்பான பதிலைத் தரும். சொந்தக்காரர்கள் சுற்றிலும் கத்தும்போது பன்னிரண்டாம் நிமிடத்தில் சாய்த்துப் பார்க்கக் கை பரபரக்கும். குழாயில் வைத்த நேரத்தைப் பிளாஸ்டரில் எழுதி ஒட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டிய கயிற்றை டாக்டர் இல்லாமல் அவிழ்க்காதீர்கள். தசையில் ஊசி வேண்டாம். கண் இமை தொங்குகிறதா, கழுத்தைத் தூக்க முடிகிறதா என்று அடிக்கடி பாருங்கள், நாகமும் கட்டுவிரியனும் மூச்சை நிறுத்தும்.

அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள்

எங்கள் பக்கத்துக் கிராமத்தில் "வயிறு நோவுது" என்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி பாட்டிமார் உருதுவில் "தர்த்" என்பார்கள், சித்தூர் எல்லையிலிருந்து வருபவர் தெலுங்கில் "நொப்பி" என்பார், ரயிலேறி வரும் வங்காளிகள் "பேத்தா" என்பார்கள். நான்கையும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். குத்துதா, எரியுதா, அழுத்துதா, குடையுதா என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லை அப்படியே குறியுங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "கேஸ்தாம்மா, சோடா குடிச்சா சரியாப்பூடும்" என்று சொல்பவரை மட்டும் நம்பாதீர்கள். உட்காரவைத்து, 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து டாக்டர் கையில் கொடுங்கள். கேஸாகவே இருந்தால் ஒரு தாள் செலவு.

ஹேண்டிங் ஓவர்

டியூட்டி மாற்றிக் கொடுக்கும்போது நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து வாயால் ஒப்பித்துவிட்டுப் போகாதீர்கள். கட்டில் கட்டிலாக அடுத்தவரோடு நடந்து, டிரிப்ஸில் மீதி எவ்வளவு, ஊசி போட்ட கை வீங்கியிருக்கிறதா, முதுகு எப்படி, எந்த மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்று காட்டிக் கொடுங்கள். கொடுக்காத மருந்துக்குக் கொடுத்ததாகக் கையெழுத்து வேண்டாம், கொடுக்கும் முன்னும் வேண்டாம்.

செல்போன் இல்லாத காலம். ஒரு நைட் டியூட்டி முடிந்து குடியாத்தம் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். விரிஞ்சிபுரம் தாண்டும்போது தூக்கிவாரிப் போட்டது. பதினோராம் பெட் அம்மாவின் ஆறு மணி ஊசிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன், மருந்தோ ட்ரேயிலேயே இருந்தது. பள்ளிகொண்டாவில் இறங்கி, எஸ்.டி.டி. பூத்திலிருந்து வார்டுக்குப் போன் செய்தேன். பகல் டியூட்டி சிஸ்டர் எடுத்தார். நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ட்ரேல பாத்துட்டேன்மா. டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடுத்துடறேன். சாயங்காலம் வந்து அந்தக் கையெழுத்தை ஒரு கோடு போட்டு அடிச்சு, நேரத்தோட திருத்தி எழுது" என்றார். அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.